இருந்ததை இருந்தபடி: பில்லி ஜோயலின் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

1976 மே மாதம் அமெரிக்கப் பாடகரும் பியானோக்காரருமான பில்லி ஜோயலின் நான்காவது ஆல்பம் ‘டர்ன்ஸ்டைல்ஸ்’ வெளிவந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் அது ஏறிய உச்சம் 122ஆம் இடம். 1977 செப்டம்பர் 29 அன்று ஐந்தாவது ஆல்பம் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ வந்தது. அது 2ஆம் இடம் வரை போய், ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவே பதினாறு மாதம்தான். பாட்டு எழுதியவர் அதே ஆள். பாடியவரும் அவரே. இசைத்தட்டுக் கம்பெனி அதே கொலம்பியா. டிரம்ஸ், பேஸ் கிட்டார், சாக்ஸபோன் வாசித்தவர்களும் அதே மூவர்.

ஒரு கலைஞர் திடீரென்று ஜெயிக்கும்போது பொதுவாக எல்லாமே ஒரே நேரத்தில் மாறியிருக்கும். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஆல்பத்தை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணமே இங்கே மாறியவை குறைவு என்பதுதான். பெரிதாக மாறியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த ஆள். டர்ன்ஸ்டைல்ஸுக்கு ஜோயலே புரொட்யூசர். ஸ்ட்ரேஞ்சருக்கு ஃபில் ரமோன். அந்த ரமோன் என்னதான் செய்தார் என்று பாட்டு பாட்டாகப் பார்த்துக்கொண்டு போனால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. அவர் செய்த நல்ல காரியங்களில் பாதிக்கு மேல், இருந்ததைத் தொடாமல் விட்டதுதான்.

ஒரு சொல் விளக்கம். ‘புரொட்யூசர்’ என்றதும் நமக்குப் பணம் போடும் சினிமாத் தயாரிப்பாளர்தான் நினைவுக்கு வருவார். இசைத்தட்டு உலகில் அந்தப் பெயருக்கு உரியவர் கிட்டத்தட்ட படத்தின் இயக்குநர் மாதிரி. எந்தப் பாட்டைச் சேர்ப்பது, யாரை வாசிக்க வைப்பது, ஒரே பாட்டைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எப்போது போதும் என்று சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பணம் கம்பெனியுடையது. இந்தக் கட்டுரையில் ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லை அதனால்தான் தவிர்க்கிறேன்.

முன்கதை

ஜோயல் 1949இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸில் பிறந்து, லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் என்ற புறநகரில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே பியானோ. வாலிபத்தில் கொஞ்ச காலம் குத்துச்சண்டை. இந்த ஆல்பத்தின் அட்டையில் கட்டில் மேல் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் சுவரில் குத்துச்சண்டைக் கையுறை தொங்குவது அதனால்தான். அவர் பார்த்துக்கொண்டிருப்பது தலையணை மேல் கிடக்கும் ஒரு முகமூடியை.

1971இல் வந்த முதல் ஆல்பம் ‘கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர்’ ஒரு விபத்து. இசைத்தட்டுக்கு மாஸ்டர் எடுத்தபோது வேகம் தப்பாகிவிட்டது. பாட்டெல்லாம் கொஞ்சம் வேகமாக ஓடி, அவருடைய குரல் இயல்பைவிட மேலே ஏறி ஒலித்தது. அதைவிடப் பெரிய விபத்து அவர் கையெழுத்துப் போட்டிருந்த ஒப்பந்தம். அதிலிருந்து தப்ப லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், பில் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசித்துப் பிழைத்தார். அந்த அனுபவம்தான் 1973இல் ‘பியானோ மேன்’ பாட்டாக வந்தது. அதற்குள் கொலம்பியா அவரை எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு அவருடைய ஆல்பங்களிலிருந்து ஒரு பங்கு போய்க்கொண்டே இருந்தது.

பியானோ மேன் ஓரளவு ஓடியது. அடுத்த ஆல்பம் சுமார். அப்புறம் டர்ன்ஸ்டைல்ஸ். இதன் கதையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சிகாகோ என்ற ராக் குழுவை வைத்து வெற்றிமேல் வெற்றி கண்ட ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோதான் முதலில் புரொட்யூசர். இடம், கொலராடோ மலையில் அவருக்குச் சொந்தமான கேரிபூ ராஞ்ச் ஸ்டூடியோ. வாசிக்க, ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானின் ஆட்களான நைஜல் ஆல்சன், டீ மர்ரே. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பதிவானதைக் கேட்ட ஜோயலுக்குப் பிடிக்கவில்லை. வேறு யாரோ ஒருவருடைய ஆல்பம் மாதிரி இருந்திருக்கும், வேறென்ன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நியூயார்க் திரும்பினார். கச்சேரிகளில் தன்னோடு வாசிக்கும் பையன்களை வைத்துக்கொண்டு, தானே புரொட்யூசராகி, முதலிலிருந்து பதிவு செய்தார்.

விளைவு, 122. ஆனால் அந்த ஆல்பத்தில் இருந்த பாட்டுகள் மோசமா? ‘நியூயார்க் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ அதில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டே பார்பரா ஸ்ட்ரைசண்ட் அதைத் தன் ஆல்பத்தில் பாடினார். ‘சே குட்பை டு ஹாலிவுட்’, ‘சம்மர், ஹைலண்ட் ஃபால்ஸ்’ எல்லாம் பிற்பாடு அவருடைய கச்சேரிகளில் ரசிகர்கள் காத்திருந்து கேட்ட பாட்டுகள். ஆகவே பாட்டில் குறை இல்லை. பையன்களிடமும் குறை இல்லை என்பது அடுத்த ஆல்பத்தில் தெரிந்தது. பியானோவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே, வாசித்தது சரியாக வந்ததா என்று தானே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த அந்த இரட்டை வேலைதான் குறை என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் மார்ட்டினுக்குச் சொன்ன பதில்

1977இல் அவருடைய நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் மனைவி எலிசபெத் வெபர். கணக்கு வழக்கில் கறார். அடுத்ததும் விழுந்தால் கொலம்பியாவில் தொடர முடியுமா என்பதே கேள்விக்குறி. அந்த நேரத்தில் ஒரு பெரிய பெயர் பேச்சில் வந்தது: பீட்டில்ஸ் குழுவின் புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின்.

ஜோயல் பீட்டில்ஸ் பைத்தியம். 1964இல் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதுவே வாழ்க்கை என்று முடிவு செய்தவர். மார்ட்டின் வந்து பார்த்தார், கேட்டார். ஜோயலை எடுத்துக்கொள்ளச் சம்மதம். ஆனால் குழு வேண்டாம், தேர்ந்த ஸ்டூடியோ கலைஞர்களை வைத்துக்கொள்ளலாம் என்றார். சென்ற முறை கொலராடோவில் நடந்த அதே கதை. என்னை எடுத்துக்கொண்டால் என் பையன்களையும் சேர்த்துத்தான் என்று ஜோயல் சொல்லிவிட்டார். வேலை போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒருவர், தன் வாழ்நாள் தெய்வத்தை உருவாக்கிய மனிதரிடம் சொன்ன பதில் இது. இந்த ஆல்பத்தின் வெற்றிக்கு ஒரே ஒரு முடிவைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ரமோன் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு இது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிற்பாடு மார்ட்டின், தான் கணித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார் என்று ஜோயல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர்.

ஃபில் ரமோன் அப்போது நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவின் பங்குதாரர். அந்தப் பெயரில் இருக்கும் ‘ஆர்’ அவர்தான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே வயலின் மேதை என்று பெயர் வாங்கி, ஜூலியர்ட் இசைப்பள்ளியில் படித்தவர். பிறகு வயலினை வைத்துவிட்டு ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆனார். ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து செய்த பிரேசிலிய ஜாஸ் ஆல்பத்தைப் பதிவு செய்து கிராமி இசை விருது வாங்கியவர். பாடகர் பால் சைமனுக்குப் புரொட்யூசராக இருந்து 1975இல் ஒரு பெரிய வெற்றியைக் கொடுத்தவர். ஜோயலின் குழுவை அவர் கார்னெகி ஹால் கச்சேரியில் கேட்டார். அவருக்கு அந்தப் பையன்களின் முரட்டு வாசிப்பே பிடித்துப்போனது. மேடையில் எப்படி வாசிக்கிறீர்களோ அப்படியே ஸ்டூடியோவிலும் வாசியுங்கள் என்பதுதான் அவருடைய திட்டம்.

யார் அந்தப் பையன்கள்? டிரம்ஸில் லிபர்டி டெவிட்டோ. கையில் குச்சி இருந்தால் அடங்காத ஆள், வாயும் அப்படியே. பேஸ் கிட்டாரில் டக் ஸ்டெக்மேயர். சாக்ஸபோனும் ஆர்கனும் ரிச்சி கனாட்டா. கிட்டாருக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வந்தார்கள்: ஸ்டீவ் கான், ஹைரம் புல்லக், ஹியூ மெக்ராக்கன், ஸ்டீவ் பர்க். ஆக, ‘குழுவோடு சேர்த்துத்தான்’ என்ற கொள்கை நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டின் முதுகெலும்பான மூன்று பேர் மாறவில்லை.

ஸ்டூடியோவில்

பதிவு 1977 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்தது. மொத்தம் ஒன்பது பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

பெயர்ப் பாட்டிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொருவருக்கும் வெளியே காட்டாத ஒரு முகம் உண்டு என்பதைச் சொல்லும் பாட்டு அது. முரட்டுக் கிட்டாரில் போகும் பாட்டுக்கு முன்னால், நள்ளிரவுத் தெருவில் தனியாக நடந்து போவது போன்ற மெதுவான ஒரு பியானோ முகப்பு. அந்த மெட்டை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்று ஜோயலுக்குக் குழப்பம். இதுதான் மெட்டு, இதற்கு என்ன வாத்தியம் போடலாம் என்று ரமோனுக்கு விசிலடித்துக் காட்டினார். ரமோன், நீ இப்போது செய்ததுதான் அது என்றார். அவ்வளவுதான். அந்த விசில் அப்படியே இசைத்தட்டுக்குப் போனது.

இதில் பெரிய கலை நுட்பம் எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சம்பளம் வாங்கும் புரொட்யூசர், கைக்கெட்டும் தூரத்தில் நியூயார்க்கின் சிறந்த வாத்தியக்காரர்கள், ஆர்கெஸ்ட்ரா வைக்கவும் பணம் இருக்கிறது. பாட்ரிக் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர் வேறு சில பாட்டுகளுக்கு வயலின்களை எழுதித்தான் இருக்கிறார். அந்த நிலையில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதற்குக் காது வேண்டும். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு அதே பியானோவும் விசிலும் இன்னொரு முறை வந்து போகும். ஒரு தற்செயல், ஆல்பத்தின் கையெழுத்தாகவே ஆகிவிட்டது.

‘மூவிங் அவுட்’ பாட்டுக்கு வேறு கதை. ஜோயல் முதலில் கொண்டுவந்த மெட்டைக் கேட்டதும், இது நீல் செடாக்காவின் ‘லாஃப்டர் இன் த ரெயின்’ அல்லவா என்று டெவிட்டோ போட்டு உடைத்துவிட்டார். செடாக்காவின் பாட்டு சில ஆண்டுகளுக்கு முன்தான் வானொலியில் ஓயாமல் ஒலித்தது. ஜோயல் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை மட்டும் மாற்றிப் புதிதாகப் போட்டார். கூலிக்கு வந்த ஒரு ஸ்டூடியோ கலைஞர் இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பாரா? வாசித்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, அடுத்த ரெக்கார்டிங்குக்குப் போயிருப்பார். சொந்தக் குழுவின் பயன் தாளத்தோடு முடிவதில்லை. இந்தப் பாட்டின் கடைசியில் ஒரு கார் உறுமிக்கொண்டு கிளம்பும். அது ஸ்டெக்மேயரின் சொந்தக் கார்வெட். செவர்லேயை விற்றுக் காடிலாக் வாங்கும் ஆசையைக் கேலி செய்யும் பாட்டுக்கு வந்து உறுமியது ஒரு செவர்லே வண்டிதான்!

‘ஒன்லி த குட் டை யங்’ பாட்டிலும் இதே டெவிட்டோதான். ஜோயல் அதை ஜமைக்காவின் ரெகே பாணியில் கொண்டுவந்தார். ஜமைக்கா என்றால் நியூயார்க்கில் க்வீன்ஸ் பகுதியில் ஒரு ரயில் நிலையமும் உண்டு. நீ ஜமைக்காவை நெருங்கியதே அங்கே ரயில் மாறியபோதுதான் என்ற பொருளில் கிண்டல் செய்து, வாசிக்க மறுத்துவிட்டார். தாளம் மாறியது. இன்று நாம் கேட்கும் துள்ளல் அந்த மறுப்பிலிருந்து வந்தது. ரெகே வடிவம் பின்னால் வெளியாகியிருக்கிறது. கேட்டால் டெவிட்டோ பக்கம்தான் நியாயம் என்பது புரியும்.

எடுத்துப் போட இருந்த பாட்டு

‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ எலிசபெத்தின் பிறந்தநாளுக்காக எழுதியது. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு, எனக்காக மாறாதே என்று கேட்கும் பாட்டு. குழுவுக்கு அது பிடிக்கவில்லை. ஹோட்டலில் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் பாட்டு போல இருக்கிறது என்பது டெவிட்டோவின் குறை. ஜோயலுக்கே அதில் நம்பிக்கை இல்லை. கல்யாண வீட்டுப் பாட்டுக்காரன் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். ஆல்பத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்ற இடம் வரை பேச்சு போனது.

இங்கேதான் ரமோன் கைவைத்தார். என் வாதத்துக்கு எதிரான சாட்சியும் இதுதான், மறைப்பதற்கில்லை. இந்தப் பாட்டில் அவர் விட்டுவிட்டதைவிடச் சேர்த்தது அதிகம். டிரம்ஸுக்குத் தென்னமெரிக்கச் சாயலில் ஒரு மென்தாளத்தைச் சொன்னவர் அவர். பிரேசிலிய இசையோடு முன்பு புழங்கிய கை. ஜோயல் வாசித்தது சாதாரண பியானோ அல்ல, ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின்பியானோ. பின்னணியில் மேகம் போல மிதந்து வரும் ‘ஆ...’ குரல்கள், 10சிசி என்ற ஆங்கிலக் குழு 1975இல் ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டில் செய்துகாட்டிய உத்தியிலிருந்து பிறந்தவை. குரல்களைப் பதிவு செய்து, டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிட்டு, மிக்ஸிங் மேசையில் வாத்தியம் போல வாசிப்பது. சாக்ஸபோனுக்கு ஜாஸ் உலகின் பெரிய கை ஃபில் உட்ஸை அழைத்தார்கள். இத்தனைக்கும் கனாட்டா பக்கத்திலேயே இருந்தார். சொந்தக் குழு, சொந்தக் குழு என்று சொன்னதற்கு இது இரண்டாவது விலக்கு.

இந்தப் பாட்டு பதிவாவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை நாம் கேட்கவும் முடியும். 1977 ஜூனில் நடந்த கார்னெகி ஹால் கச்சேரியின் பதிவு, 2008இல் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுப் பதிப்போடு வந்தது. அதில் இந்தப் பாட்டும் இருக்கிறது. மெட்டு அதேதான், வரியும் அதேதான். ஆனால் அந்த மேகம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு செய்த பிறகும் பாட்டு சேருமா சேராதா என்பது முடிவாகவில்லை. அப்போது ஸ்டூடியோவுக்கு வந்த பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்னோவும் அதைக் கேட்டார்கள். எடுத்துவிடப் போகிறோம் என்று சொன்னதும், பைத்தியமா உங்களுக்கு என்கிற மாதிரி இருவரும் பேசியிருக்கிறார்கள். பாட்டு தப்பியது. குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அதைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பெண்கள் என்பதை ஜோயலே கதையாகச் சொல்வார்.

1978 தொடக்கத்தில் அது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, 3ஆம் இடத்தைத் தொட்டது. வானொலிக்காக ஒரு சரணத்தையே வெட்டிச் சுருக்கினார்கள். பாட்டை வெட்டி 3:05க்குள் அடைத்துவிடுகிறார்கள் என்று 1974இலேயே ஒரு பாட்டில் புலம்பியவர் அவர். இந்த முறை புலம்பினாரா தெரியாது, கிராமி கிடைத்தது. ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல், இரண்டுமே. பிறகு பாரி வைட் பாடினார், சினாட்ரா பாடினார், உலகத்துக் கல்யாண வீடுகள் எல்லாம் பாடின. ஜோயல் பயந்தது அப்படியே நடந்தது.

ஏழரை நிமிடம்

இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘சீன்ஸ் ஃப்ரம் ஆன் இட்டாலியன் ரெஸ்டாரண்ட்’. 7 நிமிடம் 37 விநாடி. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சி இதுதான்.

உண்மையில் இது மூன்று அரைகுறைப் பாட்டுகள். வெவ்வேறு நாளில் எழுதி, முடிக்காமல் கிடந்தவை. முதல் துண்டு, பழைய நண்பர்கள் இருவர் ஓர் உணவகத்தில் சந்திப்பது. வெள்ளை ஒயினா, சிவப்பு ஒயினா என்று மெதுவாகத் தொடங்கும். கார்னெகி ஹாலுக்கு எதிரே இருந்த ஃபோன்டானா டி டிரெவி உணவகத்தில் பரிமாறியவர் அப்படிக் கேட்டதுதான் வரியாயிற்று என்று ஜோயல் சொல்லியிருக்கிறார். அந்த நண்பர்கள் குசலம் விசாரித்துக்கொள்ளும்போது டிக்ஸிலாண்ட் ஜாஸ் புகுந்து வேகம் ஏறும். பிறகு பியானோ தடதடவென்று ஓடி மூன்றாவது துண்டில் போய் விழும்: பிரெண்டா, எடி என்று ஒரு ஜோடியின் கதை. பள்ளியில் ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட ஜோடி. அவசரக் கல்யாணம், தவணையில் வாங்கிய சாமான்கள், பணம் தீர்ந்ததும் சண்டை, விவாகரத்து. எல்லாம் முடிந்து பாட்டு மறுபடி உணவக மேசைக்கே திரும்பும்போது, நாம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த இரண்டு நண்பர்களின் ஊர்வம்பு என்று உறைக்கும்.

முடியாத துண்டுகளைத் தைத்து ஒரே பாட்டாக்கும் எண்ணம் அவருக்கு பீட்டில்ஸின் ‘அபி ரோட்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஆல்பத்தின் புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின். வேண்டாம் என்று சொன்னவரிடமிருந்து பாடம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று, கார்னெகி ஹால் பதிவிலேயே இந்தப் பாட்டு ஏறக்குறைய முழு வடிவத்தில் இருக்கிறது. இதை சிங்கிளாக வெளியிடவே இல்லை. ஏழரை நிமிடத்தை யார் வானொலியில் போடுவார்கள்? ஆனால் எதையும் வெட்டச் சொல்லாத ஒரு புரொட்யூசர் இருந்தார். இந்தப் பாட்டில் ரமோன் செய்த பெரிய உதவி அது.

மறுபக்கம்

இரண்டாம் பக்கம் ‘வியன்னா’வுடன் தொடங்குகிறது. இதன் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஜோயலின் தாத்தா கார்ல் ஜோயல் ஜெர்மனியில் தபால் வழியாகத் துணி விற்கும் பெரிய வியாபாரம் நடத்திய யூதர். நாஜிகள் ஆட்சியில் வியாபாரத்தை 1938இல் விற்க வேண்டிய கட்டாயம். குடும்பம் சுவிட்சர்லாந்து, கியூபா என்று சுற்றி அமெரிக்கா வந்து சேர்ந்தது. பில்லியின் அப்பா நல்ல பியானோ வாசிப்பாளர். பில்லி சிறுவனாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய், கடைசியில் வியன்னாவில் தங்கிவிட்டார். மகன் வளர்ந்து அவரைத் தேடிப் பிடித்தபோது, அங்கே ஒரு வயதான பெண் தெருவைக் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். இந்த வயதில் இவரை வேலை வாங்குகிறார்களே என்று அவர் வருந்த, அப்பாவோ அவர் பயனுள்ள வேலை செய்கிறார், அதில் அவருக்கு மரியாதை இருக்கிறது என்றாராம். அவசரப்படாதே, வியன்னா உனக்காகக் காத்திருக்கும் என்று பாட்டு சொல்வது அங்கிருந்து வந்தது. நடுவில் டொமினிக் கோர்டீஸ் வாசிக்கும் அக்கார்டியன் ஒரு நிமிடம் நம்மை அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தப் பாட்டு அன்று ஹிட் கிடையாது. ஆனால் இன்றைக்கு இணையத்தில் அவருடைய பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுபவற்றில் இது ஒன்று. அது வெளிவந்தபோது பிறக்காதவர்கள், இருபதுகளின் பதற்றத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். விற்பனைப் பட்டியலை மட்டும் வைத்து ஓர் ஆல்பத்தை ஆய்வு செய்தால் இது கண்ணிலேயே படாது.

‘ஒன்லி த குட் டை யங்’ வேறு விதத்தில் பிழைத்தது. கட்டுப்பாடாக வளர்ந்த கத்தோலிக்கப் பெண்ணிடம், நல்லவர்கள்தான் சீக்கிரம் செத்துப்போகிறார்கள், அதனால் என்னோடு வா என்று கெஞ்சும் பையனின் பாட்டு அது. நியூஜெர்சியில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வானொலி அதைத் தடை செய்தது. அவ்வளவுதான், விற்பனை ஏறிவிட்டது. அடுத்த பாட்டையும் தயவுசெய்து தடை செய்யுங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதியதாக ஜோயல் சொல்வதுண்டு.

‘ஷீ இஸ் ஆல்வேஸ் எ வுமன்’ எலிசபெத்தைப் பற்றியது. ஒப்பந்தம் பேசும்போது எதிரில் இருக்கும் ஆண்களை நடுங்க வைத்த மேலாளரை, வீட்டுக்குள் கணவன் எப்படிப் பார்க்கிறான் என்ற பாட்டு. பெண்களைக் குறைத்துப் பேசுகிறது என்று சிலர் அப்போதே கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ பாராட்டும் பயமும் சமபங்கில் கலந்ததாகத்தான் கேட்கிறது. ‘கெட் இட் ரைட் த ஃபர்ஸ்ட் டைம்’ இடத்தை நிரப்பும் பாட்டு, கடந்து போகலாம். கடைசிப் பாட்டான ‘எவ்ரிபடி ஹேஸ் எ ட்ரீம்’ தேவாலயப் பாணியில் குரல்களைக் குவிக்கிறது. பின்னணியில் பாடியவர்களில் ஃபீபி ஸ்னோவும் பாட்டி ஆஸ்டினும் இருக்கிறார்கள். நல்ல குரல்கள், ஆனால் நீளம் அதிகம். விசில் திரும்ப வரும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

கணக்கு

முதலிடத்தைத் தடுத்தது ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் இசைத்தட்டு. 1978இன் முதல் பாதி முழுக்க டிஸ்கோதான். அந்த வெள்ளத்துக்கு நடுவே ஒரு பியானோக்காரர் இரண்டாம் இடத்தில் ஆறு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது. நாலு சிங்கிள்கள் முதல் 25க்குள் வந்தன. சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்’ வைத்திருந்த சாதனையைத் தாண்டி, கொலம்பியாவின் வரலாற்றில் அதுவரை அதிகம் விற்ற ஆல்பம் ஆனது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல்.

ரமோனும் ஜோயலும் 1986 வரை பிரியவில்லை. அடுத்த ஆண்டே வந்த ‘52ஆவது தெரு’ முதலிடம் பிடித்தது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் வாங்கியது. 1982இல் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தபோது முதல் சிடியாக வந்தது அந்த ஆல்பம்தான்.

எலிசபெத்தோடு கல்யாணம் 1982இல் முறிந்தது. அதன் பிறகு ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ பாட்டை மேடையில் பாடுவதைப் பல ஆண்டுகள் அவர் தவிர்த்தார். பாடிய காலத்தில் டெவிட்டோ பின்னாலிருந்து, வீடும் அவளுக்கு, காரும் அவளுக்கு என்று அந்த மெட்டிலேயே முணுமுணுப்பாராம். முதல் நாளிலிருந்தே அவருக்கு அந்தப் பாட்டோடு ஆகவில்லை.

குழு என்ன ஆனது? கனாட்டா 1980களின் தொடக்கத்திலேயே விலகினார். 1989இல் வந்த ‘ஸ்டார்ம் ஃப்ரண்ட்’ ஆல்பத்துக்குப் புரொட்யூசரும் மாறினார். ஸ்டெக்மேயர் அதில் இல்லை. 1995இல் அவர் இறந்தார். டெவிட்டோ மட்டும் 2000களின் தொடக்கம் வரை டிரம்ஸ் மேடையில் இருந்தார், பிறகு அழைப்பு வரவில்லை. 2009இல் அவர் ஜோயல் மீது வழக்குப் போட்டார். வாசித்த ஆல்பங்களுக்கு உரிய ராயல்டி வரவில்லை என்பது புகார். அடுத்த ஆண்டு சமாதானமானார்கள்.

ஸ்ட்ரேஞ்சரின் ஒன்பது பாட்டுக்கும் எழுதியவர் என்று அச்சாகியிருப்பது ஒரே பெயர்தான். செடாக்கா மெட்டைப் பிடித்தவரும், ரெகேயை மறுத்தவரும் அந்த வரிசையில் வரமாட்டார்கள். சட்டப்படி அது சரி. இது எங்கள் மெட்டு அல்ல என்று சொன்னவருக்கு இசை உலகின் கணக்குப் புத்தகத்தில் தனியாக ஒரு பத்தி கிடையாது. ‘விசிலையே வைத்துக்கொள்’ என்றவருக்காவது புரொட்யூசர் என்ற பெயரும் அதற்குரிய பங்கும் உண்டு.

ரமோன் 2013 மார்ச்சில் காலமானார். டெவிட்டோவும் கனாட்டாவும் பழைய கிட்டார்க்காரர் ரஸல் ஜாவர்ஸும் சேர்ந்து ‘லார்ட்ஸ் ஆஃப் 52ஆவது தெரு’ என்ற பெயரில் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசித்திருக்கிறார்கள். பாடியது வேறு ஒருவர். 2020இல் டெவிட்டோ தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் பில்லி ஜோயல்.